காற்றில் இருக்கிற ஈஸ்ட் யாருக்குச் சொந்தம்?

முதல் வாய் உள்ளே போனதும் என்னையறியாமல் சொல்லிவிட்டேன்: "தம்பி, இது கள்ளுல்லா!"

பக்கத்திலிருந்த நண்பர் சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதினைந்து வருடங்களாக பிரஸ்ஸல்ஸில் ஓர் உணவகத்தின் சமையற்கூடத்தில் வேலை. "நானும் முதல்தரம் குடிக்கேக்க அப்பிடித்தான் அண்ணை நினைச்சனான். எங்கட தவறணை மணம்" என்றார். எதிரே நின்று விளக்கிக்கொண்டிருந்த வழிகாட்டிப் பெண் எங்கள் சிரிப்பைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு புன்னகைத்தார். அதுவும் தவறில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் இருந்ததை அவருக்கு எந்த மொழியில் சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1

பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து ஹல்லே பக்கம் போகிற வண்டியில் ஏறினால் அரைமணிக்குள் வயல்வெளி வந்துவிடுகிறது. நகரத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கிற இந்தப் பகுதிக்குப் பாயோட்டன்லாந்து என்று பெயர். பக்கத்தில் ஓடுவது ஸென்னே ஆறு. அதே ஆறுதான் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குள்ளும் ஓடுகிறது; ஆனால் கண்ணுக்குத் தெரியாது. 1867க்கும் 1871க்கும் இடையில் நாற்றம், நோய், வெள்ளம் என்று காரணம் சொல்லி அதை மூடி, மேலே அகலச் சாலைகளும் மாளிகைகளும் கட்டிவிட்டார்கள். கரையில் குடியிருந்த ஏழைகள் கிளப்பப்பட்டார்கள். நம் கூவத்தை நினைத்துக்கொள்ளலாம். நகரத்துக்குள் ஒளித்துவைத்த ஆற்றைப் பார்க்க நகரத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறிக் கிராமத்துக்கு வருகிறார்கள் என்பதே ஒரு நல்ல தொடக்கம்தான்.

நாங்கள் போனது ஒரு மார்ச் மாதம். சிறிய பியர் வடிப்பகம். பெயர் முக்கியமில்லை; நான் சொல்லப்போவது அந்த ஒரு வடிப்பகத்தைப் பற்றியது அல்ல. அங்கே வடிப்பது லாம்பிக் என்கிற பியர். முளைகட்டிய வாற்கோதுமையோடு முளைகட்டாத கோதுமையை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்த்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, பல மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். ஹாப்ஸ் பூவும் போடுகிறார்கள். புதியது அல்ல, வருடக்கணக்கில் காயப்போட்டு மணமும் கசப்பும் போன பழைய பூ. கெடாமல் காக்கிற குணம் மட்டும் அதில் மிஞ்சியிருக்கும். இதுவரை எல்லாம் சமையல்தான். இதற்குப் பிறகுதான் விசேஷம். கொதித்த கஞ்சியைக் கூரைக்கடியில் இருக்கிற அகலமான, ஆழமில்லாத ஒரு திறந்த தொட்டியில் ஊற்றி, சாளரங்களைத் திறந்துவைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுகிறார்கள். இரவுக் குளிர்காற்று உள்ளே வருகிறது. காற்றிலும் கூரை மரத்திலும் இருக்கிற ஈஸ்ட்டும் நுண்ணுயிரிகளும் தொட்டியில் இறங்குகின்றன. காலையில் அதைப் பழைய ஓக் பீப்பாய்களில் நிரப்புகிறார்கள். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. தானாய்ப் புளிக்கிறது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடக்கிறது. இளசையும் முற்றியதையும் கலந்து புட்டியில் அடைத்தால் அது மறுபடி உள்ளே புளித்து நுரை கட்டுகிறது. அதற்குக் கூஸ் என்று பெயர். குளிர் இரவுகள் வேண்டும் என்பதால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் வடிப்பு. பூமி சூடாகச் சூடாக அப்படிப்பட்ட இரவுகள் குறைந்துவருகின்றன.

இவ்வளவையும் சொல்லிவிட்டு வழிகாட்டி ஒரு வாக்கியம் சொன்னார்: நாங்கள் ஒன்றும் செய்வதில்லை, இயற்கை செய்கிறது, நாங்கள் காத்திருக்கிறோம். கூட்டம் தலையாட்டியது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இப்படிச் சொல்ல முடிகிறவர்கள் பாக்கியவான்கள்.

2

அந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம். 'நாங்கள்' யார்? எங்களைக் கூட்டிச் சென்றவர், முதலாளிக் குடும்பம், நான்கு தலைமுறைப் புகைப்படங்கள். 'இயற்கை' எது? காற்று, ஈஸ்ட், சிலந்தி. ஆமாம், சிலந்தியும் உண்டு. இந்த மாதிரி வடிப்பகங்களில் ஒட்டடை அடிக்கப் பயப்படுகிறார்கள். பழ ஈக்களைச் சிலந்தி பிடிக்கிறது, கூரையின் உயிர்ச்சூழல் கலையக்கூடாது என்பார்கள். சிலந்திக்குக்கூட இந்தக் கதையாடலில் ஒரு பாத்திரம் இருக்கிறது. பீப்பாய் கழுவுகிறவருக்கு இல்லை.

நண்பர்தான் அதைக் கவனித்தார். வேலையால் வந்த கண். "அண்ணை, பீப்பாயைப் பாருங்கோ. மூண்டு வருசம் புளிச்சுக் கிடந்த அடிமண்டியை ஆரோ கையை விட்டெல்லோ கழுவியிருக்கினம்" என்றார். வெந்நீர், ஆவி, குனிந்த முதுகு. பின்பக்க முற்றத்தில் ரப்பர் காலணி போட்ட இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் சுற்றுலாவின் பாதை அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

'கைவினை' என்ற சொல் உலகம் முழுக்க இன்று சந்தையில் விலைபோகிற சொல். கையைப் புகழ்கிறது, கைக்காரரை மறைக்கிறது. எந்திரத்தில் செய்த பொருளில் உழைப்பு மறைந்துகிடக்கிறது என்று நாம் மார்க்ஸிடம் படித்திருக்கிறோம். கையால் செய்த பொருளிலும் அது மறைக்கப்பட முடியும், அதுவும் கையின் பெயராலேயே மறைக்கப்பட முடியும் என்பதை அந்த முற்றத்தில்தான் கண்டேன்.

ருசிபார்க்கும் அறைச் சுவரில் பீட்டர் ப்ரூகலின் ஓவிய நகல்கள். இது எதிர்பார்த்ததுதான். 16ஆம் நூற்றாண்டில் ப்ரூகல் இந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களைப் பார்த்து வரைந்தார். 1568இல் அவர் வரைந்த குருடர்கள் ஓவியத்தின் பின்னணியில் நிற்கிற தேவாலயம் இப்போதும் இந்தப் பகுதியில் இருக்கிறது. குடியானவர் கல்யாண ஓவியத்தில் ஒருவன் ஜாடியில் ஊற்றிக்கொண்டிருக்கிறானே, அது லாம்பிக்தான் என்றார் வழிகாட்டி. இருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்தில் இருந்த 1565ஆம் வருட அறுவடை ஓவியத்தை. கோதுமை வயல். வெயில். மரத்தடியில் ஒருவன் காலைப் பரப்பிக்கொண்டு கட்டையாய்க் கிடந்து தூங்குகிறான். இன்னொருவன் ஜாடியைத் தூக்கிக் குடிக்கிறான். அவர்கள் சுற்றுலா வந்தவர்கள் அல்ல. வேலையின் நடுவில் கிடைத்த கொஞ்ச நேரம் அது. குடியும் தூக்கமும் கூலியின் பகுதிகள்.

இதைக் கொண்டாட்டம் என்று சொல்லிவிட நம்மில் சிலருக்கு ஆசை வரும். ரபெலேயைப் பற்றிய பக்தினின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தின்பதும் குடிப்பதும் சிரிப்பதும் கழிப்பதுமான உடல் அதிகாரத்தைத் தலைகீழாக்குகிறது என்று நாமும் நிறையப் பேசியிருக்கிறோம். நானே பேசியிருக்கிறேன். ஆனால் அந்த உடல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டு, அதற்குக் கீழே ஒரு புட்டியின் விலை என் நண்பரின் இரண்டு மணி நேரக் கூலியாக எழுதப்பட்டிருக்கும்போது, தலைகீழானது எது? அறுப்புக்காரனின் பானம் அறுப்புக்காரனுக்கு எட்டாமல் போயிருக்கிறது. கலகம் ஒட்டுச்சீட்டாகியிருக்கிறது.

3

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தப் பானம் ஒரு காலத்தில் தோற்றுப்போன பானம். 1876இல் லூயி பாஸ்டர் பியரைப் பற்றித் தன் ஆய்வு நூலை வெளியிட்டார். பியர் 'நோய்ப்படுவது' கண்ட கண்ட நுண்ணுயிரிகள் புகுவதால் என்றார். 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் அணுவைப் பிரித்தெடுத்து அதன் வாரிசுகளை மட்டும் வளர்த்துக் காட்டினார். 'தூய வளர்ப்பு' என்று அதற்குப் பெயர். இதன் பிறகு பியர் எங்கேயும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க முடிந்தது. ரயிலில் ஏற்றலாம், கப்பலில் ஏற்றலாம், காலனிகளுக்கு அனுப்பலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் 3,000க்கும் மேற்பட்ட வடிப்பகங்கள் இருந்தன. நூற்றாண்டு முடியும்போது நூற்றுச் சொச்சம். உலகத்தின் மிகப்பெரிய பியர்க் கம்பெனியின் தலைமையகம் இன்று அதே நாட்டின் லூவன் நகரத்தில் இருக்கிறது.

தூய்மை, கலப்பு, தீட்டு என்ற சொற்களைக் கேட்டதும் நம் ஊர் ஆளுக்குச் சாதி ஞாபகம் வரும். இந்த ஒப்புமை இவ்வளவு சுலபமாகக் கைக்கு வருவதாலேயே அதைச் சந்தேகப்பட வேண்டும். ஹான்சன் மனு அல்ல. கெட்டுப்போன பியரால் நஷ்டப்பட்டவர்களுக்கு அவருடைய வேலை உதவியது. ஆனால் ஒன்று சொல்லலாம். தூய்மை முதலில் ஒரு தொழில்நுட்பமாக வந்து, பிறகு ஓர் அளவுகோலாகிறது. அந்த அளவுகோலில் மற்றதெல்லாம் 'காட்டுத்தனம்' ஆகிறது. பெரும்பாலான வடிப்பகங்கள் தூய்மைக்குள் போன பிறகு, மிஞ்சிய நாலைந்து காட்டுத்தனங்கள் அரியவையாகின்றன. அரியது ஆனதும் அதற்கு விலை வருகிறது; விலை வந்ததும் சட்டப் பாதுகாப்பு வருகிறது. பழைய முறைக் கூஸுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் மரபுச் சிறப்பு என்று பாதுகாப்புக் கொடுத்தது. 2016இல் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. காட்டுத்தனமாக இருக்கவும் உரிமம் வேண்டும். அந்த உரிமம் எல்லாக் காட்டுத்தனங்களுக்கும் கொடுக்கப்படுவதில்லை.

4

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன்.

எங்கய்யா பனையேறி. திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காடு. தையில் பாளை விட்டால் ஆடி வரைக்கும் ஏறி இறங்குவார். காலையிலும் சாயங்காலமும், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு வந்தால் சொட்டுச் சொட்டாய் இறங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் கள். வித்தியாசம் அவ்வளவுதான். மேலே இருக்கிற காற்று ஒன்றே, பாளை ஒன்றே, ஈயும் எறும்பும் ஒன்றே. பாளையிலிருந்து சொட்டு விழும்போதே புளிப்பு தொடங்கிவிடுகிறது. போன தடவைக் கலயத்தில் ஒட்டியிருந்த ஈஸ்ட்டும் சேர்ந்துகொள்கிறது. சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. தொட்டியும் பீப்பாயும் செய்கிற வேலையை எங்கள் பக்கம் ஒரு மண்கலயம் செய்துகொண்டிருந்தது.

1987 ஜனவரியில் தமிழ்நாட்டில் கள் தடை செய்யப்பட்டது. அடுத்த வருடம் ஒரு நாள் காலை போலீஸ் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. அய்யா பதநீர்தான் இறக்கினார். ஆனால் ஒரு கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை. இரவு வெக்கையில் பொங்கிவிட்டது. போலீஸ்காரர் மூக்கை வைத்துப் பார்த்தார். கள் என்றார். கலயங்களை ஒவ்வொன்றாக மரத்து மூட்டில் போட்டு உடைத்தார்கள். அரிவாள்பெட்டியோடு அய்யாவைக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது வலது முழங்காலை மடக்க முடியவில்லை. பனையேறிக்கு முழங்கால் போனால் என்ன மிச்சம்? அந்தப் பருவம் முழுக்க மரங்களில் பாளை சீவப்படாமல் காய்ந்தது.

அந்தக் கூரைக்கடியில் அகலத் தொட்டியின் ஓரத்தில் நின்றபோது எனக்கு நினைவு வந்தது இதுதான். இங்கே சாளரத்தைத் திறந்து வைக்கிறார்கள். அதற்குப் பண்பாடு என்று பெயர். அங்கே கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தது. அதற்குக் குற்றம் என்று பெயர். இரண்டு இடத்திலும் செய்தது நுண்ணுயிரிதான். அதற்குப் பிரஜை என்கிற தகுதி இல்லாததால் ஒரு இடத்தில் முதலாளிக்கு மாலை விழுந்தது, இன்னொரு இடத்தில் ஏறினவனுக்கு அடி விழுந்தது.

ஆனால் இந்த ஒப்பீட்டோடு நின்றுவிட்டால் இது வெறும் புலம்பல். ஏன் இப்படி என்று கேட்க வேண்டும். மேற்கு, கிழக்கு என்ற பதில் போதாது. லெவி-ஸ்ட்ராஸ் 1965இல் சமையல் முக்கோணம் என்று ஒன்றைச் சொன்னார்: பச்சை, வெந்தது, புளித்தது அல்லது அழுகியது. பச்சையானதைப் பண்பாடு வேகவைக்கிறது, இயற்கை அழுகவைக்கிறது. லாம்பிக் முதலில் நெருப்பைக் கடந்துவிட்டுப் பிறகு காற்றிடம் போகிறது. கள் நெருப்பையே பார்ப்பதில்லை. மரத்திலிருந்து நேரே புளிப்பு. பண்பாட்டின் கைரேகை படாத பானமாக அதைப் பார்ப்பது சுலபம். ஒருவன் உயிரைப் பணயம் வைத்து முப்பது தடவை ஏறி இறங்கியது கணக்கில் வருவதில்லை. சமைக்காததால் அவனுக்குக் கலை இல்லை, வெறும் ஏற்றம்தான்.

இது பாதிப் பதில். மீதிப் பாதி காலத்தில் இருக்கிறது. லாம்பிக் மூன்று வருடம் கிடக்கும். புட்டிக்குள் போனால் இருபது வருடம்கூட இருக்கும். கள் ஒரு நாளில் முற்றிப்போகும். அதற்கு மேல் காடிதான். மூன்று வருடம் காத்திருப்பதற்கு இடம் வேண்டும், பீப்பாய் வேண்டும், காத்திருக்கிற காலத்தில் சாப்பிட வேறு வருமானம் வேண்டும். வழிகாட்டி சொன்ன 'காத்திருக்கிறோம்' என்ற சொல்லுக்குள் மூலதனம் உட்கார்ந்திருக்கிறது. கள்ளுக்கு அந்த வசதி இல்லை. குவிக்க முடியாது. கிடங்கில் பூட்டிவைக்க முடியாது. தூர ஊருக்கு லாரியில் ஏற்ற முடியாது. இறக்கியவன் இறக்கிய அன்றே, பக்கத்தில் இருக்கிறவனுக்கே விற்க வேண்டும். உபரியாகக் குவியாத சரக்கு அது.

குவியாததை அரசு எப்படி எண்ணும்? ஆயிரக்கணக்கான மரங்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கல். ஒவ்வொன்றுக்கும் எப்படி முத்திரை குத்துவது? மாறாக, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து எடுக்கிற சாராயம் ஒரு குழாயில் வருகிறது. குழாயில் ஓர் அளவுமானி பொருத்தினால் போதும். தமிழ்நாட்டில் டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். 2023–24இல் மட்டும் மதுவிலிருந்து அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். தமிழ்நாட்டில் மதுவிலக்கு என்று ஒன்று இருக்கிறது என்றால் அது மதுவை விலக்கவில்லை, மரத்தை விலக்கியிருக்கிறது. அந்த மரத்துக்கு மாநில மரம் என்று பட்டம் வேறு. கள்ளில் கலப்படத்தைக் கண்காணிக்க முடியாது என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். அவர்கள் குடித்தது எந்த மரத்திலிருந்தும் இறங்கியது அல்ல.

5

'உங்கள் ஊர் அரசு மோசம், இவர்கள் ஊர் அரசு நல்லது' என்று யாராவது இதிலிருந்து முடிவு கட்டினால் அதையும் தடுக்க வேண்டியிருக்கிறது. 1919இல் பெல்ஜியத்தில் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் எமில் வாண்டர்வெல்டே. தொழிலாளர் கட்சித் தலைவர், சோஷலிஸ்ட். மதுக்கடைகளில் சாராய வகைகளை விற்கக்கூடாது என்றது சட்டம். ஆனால் கடையில் இரண்டு லிட்டராக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரே தடவையில் இரண்டு லிட்டர் வாங்கக் காசு உள்ளவன் குடிக்கலாம், ஒரு கோப்பைக்கு மட்டும் சில்லறை வைத்திருக்கிறவன் குடிக்கக்கூடாது. தொழிலாளியை மீட்க நினைத்த சட்டம் தொழிலாளியை மட்டும் தொட்டது. 1980கள் வரைக்கும் அது இருந்தது. வாண்டர்வெல்டேயின் நல்லெண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. குடியால் சீரழிந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களை அவர் கண்ணால் பார்த்தவர். நமது பிரச்சினையும் நல்லெண்ணம் இல்லாதது அல்ல.

இன்னொரு இடத்தையும் சொல்லாமல் இந்த நாட்டின் பானத்தைப் பற்றிப் பேசக்கூடாது. 1957இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ரொலான் பார்த் பிரெஞ்சுக்காரர்களின் ஒயினைப் பற்றி எழுதினார். அந்த இனிய தொன்மம் முழுவதையும் அவிழ்த்துக் காட்டிவிட்டுக் கடைசியில் அல்ஜீரியாவுக்கு வந்தார். ரொட்டிக்கு வழியில்லாத முஸ்லிம்களின் பிடுங்கப்பட்ட நிலத்தில் அவர்களுக்கு வேண்டாத திராட்சை விளைகிறது என்பதை நினைவூட்டினார். பெல்ஜியத்துக்கு அல்ஜீரியா இல்லை, கொங்கோ இருந்தது. அங்கேயும் பனை உண்டு, கள் உண்டு, மலாஃபு என்பார்கள். 1911இல் லீவர் கம்பெனிக்குப் பெருநிலங்கள் எழுதிக்கொடுக்கப்பட்டு, எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும் வேலைக்கு ஆட்கள் நிர்ப்பந்தமாகப் பிடிக்கப்பட்டார்கள். 1931இல் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது துப்பாக்கியால் அடக்கினார்கள். அவர்களும் மரம் ஏறினவர்கள்தான். மரம் கம்பெனிக்குப் போனது. ஐரோப்பிய பியர் நகரத்துக்கு வந்தது. பாட்ரிஸ் லுமும்பா அரசியலில் முழுதாக இறங்குவதற்கு முன், 1950களின் கடைசியில், லியோபோல்ட்வில் நகரத்தில் போலார் என்ற பியரை விற்பனை செய்கிற வேலையில் இருந்தார். யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பண்பாட்டுக்கு இதுவும் ஒரு பக்கம். ருசிபார்க்கும் அறைச் சுவரில் ப்ரூகலுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது.

6

திரும்புகிற ரயிலில் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அண்ணை, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். எங்கட வீட்டில கள்ளு வாங்குவினம். அப்பாவுக்குப் பிளாவில வார்த்துக் குடுக்கிறது நான்தான். ஆனா கள்ளுக் கொண்டு வாற மனிசன் தண்ணி கேட்டா அம்மா சிரட்டையிலதான் குடுப்பா. அவர் வளவுக்கு வெளியில நிண்டுதான் குடிப்பார். எனக்கு இண்டைக்கும் அந்தச் சிரட்டைதான் ஞாபகம் வருகுது."

நான் என்ன சொல்வது? கள்ளுக்குத் தடையில்லாத ஊரிலும் சீவுகிறவனுக்குத் தடை இருந்தது. இங்கே கடல் கடந்து வந்து அவர் அடுத்தவர்களின் எச்சில் தட்டைக் கழுவுகிறார். அவர் சொல்கிற மனிதரின் பிள்ளைகள் எங்கே, என்ன செய்கிறார்களோ. கள்ளை விடுதலை செய்வது என்றால் எதை விடுதலை செய்வது? பானத்தையா, இறக்கியவனையா? நாளைக்கே அரசு மனம் மாறிக் கள்ளுக்கு அனுமதி கொடுத்து, யாரோ ஒரு கம்பெனி அதைக் கெடாமல் புட்டியில் அடைத்து, மேலே பனையேறி படம் போட்டு, 'மரபு' என்று சென்னை நட்சத்திர விடுதியில் விற்றால் நாம் ஜெயித்தோமா? அந்த வடிப்பகத்தைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி கற்பனையாகத் தோன்றவில்லை.

இன்னொரு குரலும் இருக்கிறது. அதைக் கேட்காமல் கள்ளை ஆதரித்து எழுதப்படுகிற ஆண்களின் கட்டுரைகள் எனக்கு இப்போது கூச்சத்தைத் தருகின்றன. 1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் பெண்கள் சாராயக் கடைகளை மூடவைத்தார்கள். தமிழ்நாட்டில் டாஸ்மாக்கை மூடச்சொல்லிப் போராடிய சசிபெருமாள் 2015இல் போராட்டக் களத்திலேயே இறந்தார். இவர்களையெல்லாம் 'ஒழுக்கவாதிகள்' என்று சொல்லிக் கடந்துபோகிற கோட்பாடு நமக்கு எதற்கு? 1987இல் தடை வந்தபோது என் அம்மா சந்தோஷப்பட்டாள். அய்யா குடிப்பார். குடித்த ராத்திரிகள் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், என் தங்கைக்கும் தெரியும். அம்மா நினைத்தாள், இனி இல்லை என்று. முழங்கால் போனபின் அய்யா சாராயத்துக்குப் போனார்; கடை வந்தபிறகு கடைக்குப் போனார். கள்ளில் ஒரு மடங்கு இருந்தது அங்கே நாலு மடங்கானது. தடை அம்மாவைக் காப்பாற்றவில்லை. கள்ளும் காப்பாற்றியிருக்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாத எந்த நிலைப்பாடும் எனக்கு வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது கள்ளுக்கான ஒரு கொண்டாட்டத்தை அல்ல. எந்தப் புளிப்பு குற்றம், எந்தப் புளிப்பு பண்பாடு என்று தீர்மானிக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன். அந்த இடத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார், முதலாளி உட்கார்ந்திருக்கிறார், ஒழுக்கம் பேசுகிறவர் உட்கார்ந்திருக்கிறார், இப்போது ருசி தெரிந்தவரும் வந்து உட்கார்ந்துவிட்டார். மரம் ஏறினவனும், அவன் வீட்டில் அடிவாங்கினவளும், பீப்பாய் கழுவுகிறவனும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மூன்று பேரும் ஒரே கருத்தைச் சொல்லப்போவதும் இல்லை. அந்தச் சண்டை நடக்கட்டும். நடக்க வேண்டிய சண்டை அதுதான்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கே போனாய் என்றாள். சொன்னேன்: கூரைக்குக் கீழே பெரிய தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கிறார்கள், தானாய்ப் புளிக்கிறது, கள்ளு மாதிரியே இருக்கிறது என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"சுண்ணாம்பு தடவாமலா வச்சிருக்கானுவ? போலீசு ஒண்ணும் சொல்லலியா?"